வேரா ஆலன் கீ செட்: கூலண்ட் குடித்த பிறகு ஒரு விமர்சனம்

கோவையில் சிஎன்சி லேத், விஎம்சி என்று கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடைந்து வெட்டும் மெஷின்களுக்கு சர்வீஸ் பார்ப்பது என் பிழைப்பு. காலையில் கணபதியில் ஸ்பிண்டில் பெல்ட் மாற்றினால், மதியம் குறிச்சி சிட்கோவில் டரட் (டூல்களைத் தாங்கிச் சுழலும் தலை) அலைன்மென்ட். நடுவில் அரசூர் பக்கத்திலிருந்து யாராவது "எக்ஸ் ஆக்சிஸ்ல சத்தம் வருதுங்க" என்று போன் போடுவார்கள். டூல் பையில் ஸ்பேனரை விட, டெஸ்டரை விட, கை அதிகம் போவது ஆலன் கீக்குத்தான், அதாவது தலையில் அறுகோணக் குழி உள்ள போல்ட்டைத் திருப்பும் எல் வடிவக் கம்பிக்கு. இப்போது வருகிற மெஷின்களில் வெளியே இருக்கும் தகரக் கவரிலிருந்து உள்ளே சர்வோ மோட்டாரை இணைக்கும் கப்ளிங் வரை எல்லாமே ஆலன் போல்ட். ஆகவே இது டப்பாவைப் பிரித்ததும் போட்டோ எடுத்துப் போடுகிற விமர்சனம் இல்லை. ஸ்லீவின் நிறம் மங்கி, எண்ணெயும் கூலண்டும் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) ஊறிப்போன ஒரு செட்டைப் பற்றி எழுதுகிறேன்.

செட்டின் பெயர் வேரா 950/9 ஹெக்ஸ்-பிளஸ் மல்டிகலர். வேரா, ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி. 1.5, 2, 2.5, 3, 4, 5, 6, 8, 10 மி.மீ. என்று மொத்தம் 9 கீ. நீளக் கையின் முனையில் பால் எண்டு, குட்டைக் கையின் முனை சாதா அறுகோணம். ஒவ்வொரு கீக்கும் ஒரு நிறத்தில் பிளாஸ்டிக் ஸ்லீவ், அதன் மேல் அளவு பெரிதாக அச்சிட்டிருக்கும். எல்லாம் ஒரு கிளிப் ஹோல்டரில் வரிசையாக உட்காரும்.

விலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரை அதே நினைப்பாக இருக்கும். அதிகம்தான். நஞ்சப்பா ரோட்டில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் பில் போடும்போதே சிரித்தார். "இந்தக் காசுக்கு டபாரியால பத்து செட் தூக்கிட்டுப் போலாமே அண்ணா" என்றார். கணக்கு ஏறக்குறைய சரி. டபாரியா நம் நாட்டு டூல் கம்பெனி, அதன் 9 கீ செட்டும் இதே அளவுகளில்தான் வருகிறது. அதையும் வைத்திருக்கிறேன், ஷெட்டில் இருக்கும் பையன்களுக்கு எடுத்துக் கொடுப்பது அதைத்தான். அப்படியானால் பத்து மடங்கு காசு எங்கே போகிறது?

முனையில் போகிறது. ஆலன் கீயில் பார்க்க வேண்டியது முனை ஒன்றுதான், மற்றதெல்லாம் அப்புறம். 5 மி.மீ. கீயை எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 2936 தரப்படி அந்தக் கீயின் இரு பட்டைகளுக்கு நடுவே 4.952-இலிருந்து 5.000 மி.மீ. வரை இருக்கலாம். அது போய் உட்கார வேண்டிய எம்6 (6 மி.மீ. மரை) ஆலன் போல்ட்டின் குழி, ஐஎஸ்ஓ 4762 படி 5.02-இலிருந்து 5.14 மி.மீ. வரை இருக்கலாம். அதாவது இரண்டும் புத்தம் புதுசு, இரண்டும் தரத்துக்குள் இருக்கிறது என்றாலும் நடுவில் 20 மைக்ரானிலிருந்து 190 மைக்ரான் வரை ஆட்டம் இருக்கும். கீயைத் திருப்பும்போது அது அந்த ஆட்டத்தை விழுங்கிக்கொண்டு லேசாகச் சாய்ந்த பிறகுதான் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போது பட்டை முழுக்கப் படாது, மூலைகள் மட்டும்தான் குழியின் சுவரில் போய்க் குத்தும். மூலை கூர்மையாக இருக்கும் வரை தாங்கும். கொஞ்சம் மழுங்கினால் கீ வழுக்கும், வழுக்கும்போது போல்ட்டின் மூலையையும் கூட்டிக்கொண்டு போகும். "ஹெட் ஸ்லிப் ஆயிடுச்சுங்க" என்று வரும் போன்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

ஹெக்ஸ்-பிளஸ் என்று வேரா சொல்வது இந்த இடத்தில் செய்த மாற்றம். முனையின் மூலைகளுக்குப் பக்கத்தில் உருவத்தைக் கொஞ்சம் மாற்றி, குழியின் சுவரில் கோடு மாதிரிக் குத்தாமல் பட்டையாக அழுத்தும்படி செய்திருக்கிறார்கள். விளம்பரத்தில் எல்லாக் கம்பெனியும் இப்படி ஏதாவது சொல்லும். இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். துத்தநாகம் பூசிய புது போல்ட் ஒன்றை வைஸில் கவ்வி, சாதா கீயால் நன்றாக இறுக்கிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பக்கத்தில் பளிச்சென்று ஒரு மெல்லிய கோடு, அதன் ஓரத்தில் பிசிறு எழும்பியிருக்கும். ஹெக்ஸ்-பிளஸ் கீயால் அதே போல இன்னொரு போல்ட்டை இறுக்கிப் பார்த்தால், தேய்ந்த இடம் மூலையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அகலமாகத் தெரியும். பிசிறு குறைவு. ஒரே போல்ட்டை வருஷத்துக்கு ஒரு முறை கழற்றுபவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. சக் ஜாவும் (லேத்தில் வேலைப் பொருளைக் கவ்வும் தாடை) டூல் ஹோல்டரும் மாதிரி தினமும் கழற்றி மாட்டுகிற இடத்தில்தான் வித்தியாசம் தெரிகிறது, அதுவும் மாதக் கணக்கில்.

சின்ன அளவுகளில் இது இன்னும் முக்கியம். கப்ளிங்கிலும் புல்லியிலும் உட்காரும் கிரப் ஸ்க்ரூவுக்குத் தலையே கிடையாது, குழி மட்டும்தான். எம்3 கிரப்புக்கு 1.5, எம்4-க்கு 2, எம்5-க்கு 2.5, எம்6-க்கு 3. அவ்வளவு சின்ன ஸ்க்ரூவை லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்கி, மேலே வருஷக்கணக்கில் எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்திருக்கும். 1.5 கீயின் முனை ஒரு முடி அளவு மழுங்கினாலும் போச்சு, அந்த கிரப்பை எடுக்க அப்புறம் டிரில்தான். கிரப் ஸ்க்ரூ வந்த கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஆலன் என்பவர் 1910-இல் வாங்கிய காப்புரிமையிலிருந்துதான் "ஆலன்" என்ற பெயரே வந்தது. சுழலும் ஷாஃப்டில் சதுரத் தலை ஸ்க்ரூ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேலை செய்பவரின் சட்டையைப் பிடித்து இழுத்துவிடும். தலையே இல்லாமல் உள்ளே அமுங்கிப்போகிற ஸ்க்ரூ அந்த ஆபத்தைத் தீர்த்தது. பாதுகாப்புக்காக வந்த சாமான், இன்று சர்வீஸ்காரனின் உயிரை எடுக்கிறது.

எந்தக் கீயாக இருந்தாலும் குழியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் வீண். ஸ்க்ரைபரால் குழியின் அடிவரை சுரண்டி, ஏர் அடித்து, கீயை விட்டு ஒரு தட்டுத் தட்டி, அது அடியில் இடித்தது கையில் தெரிந்த பிறகுதான் திருப்ப வேண்டும். சிப்ஸ் அடைத்த குழியில் கீ பாதிதான் இறங்கும். அது முழுசாக இறங்கியது போலவே தோன்றும், அங்கேதான் ஏமாறுவோம். என்னோடு வரும் தம்பியிடம் கீயில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன். பக்கத்துப் போல்ட்டில் கோடு வரை இறங்கிய கீ இதில் இறங்கவில்லை என்றால் உள்ளே குப்பை இருக்கிறது.

சரி, பால் எண்டு. அறுகோண முனையை உருண்டை மாதிரிச் செதுக்கி, அதன் பின்னால் கழுத்தை மெலிதாக்கியிருப்பார்கள். 25 டிகிரி வரை சாய்த்து வைத்தே திருப்பலாம். இதைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த பாண்டஸ் கம்பெனி. இப்போது எல்லாரும் செய்கிறார்கள். விஎம்சியில் இசட் ஆக்சிஸ் மோட்டாருக்குக் கீழே கப்ளிங் இருக்கும் பெட்டிக்குள் கை போகும், ஆனால் கீ நேராக நிற்க இடம் இருக்காது. அங்கே பால் எண்டு இல்லாவிட்டால் மோட்டாரையே இறக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை அரை நாளாகிவிடும்.

ஆனால் பால் எண்டு ஓட்டுவதற்கு மட்டும்தான். இறுகின போல்ட்டை முதலில் விடுவிப்பது, கடைசியில் முறுக்கி இறுக்குவது இரண்டுக்கும் குட்டைக் கையின் நேர் முனையைத்தான் போட வேண்டும். உருண்டை முனை குழியின் சுவரைத் தொடுவது மிகக் கொஞ்ச இடத்தில். கழுத்து வேறு மெலிசு. எந்த நாட்டு, எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் இதில் மாற்றமில்லை. முன்பு என்னிடம் இருந்த ஒரு மலிவு செட்டின் 4 மி.மீ. பால் எண்டு, கப்ளிங் கிளாம்ப் போல்ட்டுக்குள்ளேயே முறிந்து உட்கார்ந்துகொண்டது. கீ கெட்டியான இரும்பு, போல்ட்டும் 12.9 கிரேடு, மிகக் கெட்டி ரகம், டிரில் இறங்காது. காந்தத்தை வைத்தால் அசையவில்லை. ஊசி மாதிரி இருந்த ஸ்க்ரைபரால் ஓரத்தைத் தட்டித் தட்டி, உருண்டையைத் திருப்பிவிட்டு எடுப்பதற்குள் கம்பெனி முதலாளி நாலு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புரொடக்‌ஷன் நின்றுபோன மெஷின் பக்கத்தில் நிற்கும் முதலாளியின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கீயின் விலை அங்கே ஒரு விஷயமே இல்லை.

வேரா செட்டில் 5-இன் பால் எண்டு இப்போது கண்ணுக்குத் தெரிகிற அளவு தேய்ந்திருக்கிறது. 4-உம் கொஞ்சம். அதிகம் ஓடுவதும் அந்த இரண்டுதான் என்பதால் ஆச்சரியமில்லை. தேய்மானத்தைப் பார்க்க எளிய வழி: ட்யூப் லைட்டுக்குக் கீழே கீயைப் பிடித்து மெதுவாக உருட்டுங்கள். மூலை கூர்மையாக இருந்தால் பட்டைக்குப் பட்டை வெளிச்சம் சட்டென்று தாவும். மழுங்கியிருந்தால் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு தங்கி நிற்கும். கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு தேய்மானம். என் செட்டில் குட்டைக் கை முனைகளில் 5-ஐயும் 3-ஐயும் தவிர மற்றதில் இன்னும் கோடு இல்லை.

இங்கே ஒரு குறை, அதுவும் இந்த வடிவத்தோடு சேர்ந்தே வருவது. டபாரியா, அன்பிராக்கோ மாதிரிச் சாதா கீகள் முழுக்க அறுகோணக் கம்பியை வளைத்துச் செய்தவை. முனை மழுங்கினால் கிரைண்டரில் வைத்து இரண்டு மூன்று மி.மீ. வெட்டிவிடலாம். வளைவு வரும் வரை வெட்டிக்கொண்டே போகலாம், ஒவ்வொரு வெட்டுக்கும் புது முனை கிடைக்கும். (சூட்டில் நீலம் பாயாமல் அடிக்கடி தண்ணீரில் முக்கி வெட்ட வேண்டும். நீலம் பாய்ந்தால் டெம்பர், அதாவது கெட்டித்தன்மை, போய் முனை களிமண் மாதிரி முறுக்கிக்கொள்ளும்.) வேராவின் இந்தக் கீகள் உருண்டைக் கம்பியில் செய்தவை. அறுகோணம் முனையில் கொஞ்ச நீளத்துக்குத்தான் இருக்கிறது. அதனால் ஒன்றிரண்டு தடவை வெட்டலாம், அதற்கு மேல் உருண்டைதான் மிஞ்சும். பால் எண்டை எந்தக் கீயிலும் திரும்பச் செதுக்க முடியாது. ஆக, சாதா கீக்குப் பத்து மடங்கு காசு கொடுத்து வாங்கினாலும் திரும்பத் தீட்டிக்கொள்ளும் வசதி அதை விடக் குறைவு. முனை நீண்ட நாள் உழைப்பதால்தான் கணக்கு நேராகிறது.

உருண்டைக் கம்பி என்பதால் வேறொரு பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. சாதா கீயை ஆழமான குழியில் செங்குத்தாக விட்டு, மேலே நிற்கும் அறுகோணத் தண்டில் ரிங் ஸ்பேனரைக் கோத்துத் திருப்புவது ஷெட்டுகளில் சகஜம். இதில் அது நடக்காது. குழாயைக் கோத்து நீட்டிக்கொள்வதும் கூடாது, ஸ்லீவ் நாசமாகிவிடும். நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது. 5 மி.மீ. கீ போகும் எம்6 போல்ட்டுக்கு 8.8 கிரேடில் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், 12.9 கிரேடில் 16, 17. கீயின் நீளமே அந்த அளவுக்குத்தான் கணக்குப் போட்டு வைத்தது. குழாய் போட்டு மிதிக்கிறவர் போல்ட்டை இறுக்கவில்லை, இழுத்து நீட்டுகிறார்.

ஸ்லீவைப் பற்றிக் கடையில் வாங்கும்போது எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தைகள் பென்சில் பெட்டி மாதிரிக் கலர் கலராக இருந்தது. இப்போது கேட்டால், முனைக்கு அடுத்தபடி இந்த செட்டில் எனக்குப் பிடித்தது அதுதான் என்பேன். கையில் கூலண்ட் வழியும்போது 2.5 மாதிரி மெல்லிய கீ விரலில் நிற்காது, உள்ளங்கையில் குத்தும். ஸ்லீவ் இருந்தால் விரலால் உருட்டியே போல்ட்டை ஓட்டிவிடலாம். நிறத்தின் லாபம் வேறு மாதிரி. மெஷினுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது, வெளியே நிற்கும் தம்பியிடம் "அஞ்சு" என்று கத்தினால் முன்பு 4 வரும், இல்லாவிட்டால் 6 வரும். இப்போது நிறத்தைச் சொன்னால் சரியான கீ கைக்கு வருகிறது. அவனுக்கு அளவு பழகுவதற்கு முன்பே நிறம் பழகிவிட்டது.

அதே ஸ்லீவ் சில இடத்தில் இடைஞ்சல். கவுண்டர்போர் (போல்ட்டின் தலை அமுங்கும் பள்ளம்) ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கிற இடத்தில் முனை போல்ட்டைத் தொடுவதற்குள் ஸ்லீவ் வாயில் இடித்து நின்றுவிடும். சில பழைய லேத்துகளின் ஹெட்ஸ்டாக் கவரில் இப்படி இருக்கும். அங்கே நீளமான சாதா கீதான். சுத்தம் செய்வதும் கொஞ்சம் கூடுதல் வேலை. ஸ்லீவின் விளிம்பில் எண்ணெயோடு இரும்புத் தூள் சேர்ந்து கறுப்பாகப் படியும். நான் கெரசினில் ஊறப்போடுவதில்லை, துணியில் கொஞ்சம் நனைத்துத் துடைப்பதோடு சரி. ஆயுத பூஜைக்கு வீட்டில் வைத்த சந்தனம் எண் அச்சில் போய் உட்கார்ந்தது மட்டும் எப்படித் துடைத்தும் முழுசாகப் போகவில்லை. இருக்கட்டும்.

ஹோல்டர் நன்றாக இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கீ இல்லாவிட்டால் இடம் காலியாகத் தெரியும். கிளம்பும்போது மெஷின் பெட்டுக்குள் எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்க அது போதும். சிப் கன்வேயருக்குள் ஒரு கீ விழுந்தால் என்ன ஆகும் என்று சர்வீஸ்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அளவுகளுக்கு வருவோம். 9 கீயில் தினமும் ஓடுவது 3, 4, 5, 6. இதில் 3-க்கும் 4-க்கும் ஒரு விசேஷம் உண்டு. எம்5 ஆலன் கேப் போல்ட்டுக்கு 4 மி.மீ. கீ. அதே எம்5 பட்டன் ஹெட்டாக (தலை தட்டையான உருண்டை) இருந்தால் 3 மி.மீ. எம்6 கேப் போல்ட்டுக்கு 5, எம்6 பட்டன் ஹெட்டுக்கும் கவுண்டர்சங்குக்கும் (தலை கூம்பாக உள்ளே அமுங்குவது) 4. மரை அதே மரைதான், ஆனால் கீ ஒரு அளவு சின்னது, குழியின் ஆழமும் குறைவு. விஎம்சியின் டெலஸ்கோபிக் கவரில், கூலண்ட் நேராகக் கொட்டுகிற இடத்தில், இந்த வகை போல்ட்டைத்தான் போட்டு வைத்திருப்பார்கள். பல இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு. துருப் பிடிக்காது, ஆனால் 12.9 மாதிரிக் கெட்டி இல்லை, குழி சீக்கிரம் விரிந்துவிடும். ஸ்லிப் ஆன போல்ட் பட்டியல் போட்டால் முதல் இடம் இந்தக் கவர் போல்ட்டுகளுக்குத்தான். நல்ல கீக்குக் கொடுத்த காசை எனக்குத் திருப்பிக் கொடுத்ததும் இவைதான். இறுகிப்போன கவர் போல்ட்டில் துருவை இளக்கும் எண்ணெய் அடித்து, இரும்புப் பன்ச்சை வைத்துத் தலையில் இரண்டு அடி அடித்து, குட்டைக் கை முனையை முழுசாக இறக்கி, ஒரு கையால் கீயின் வளைவைக் கீழே அழுத்திக்கொண்டு மற்றக் கையால் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடுகிறது.

அப்படியும் ஸ்லிப் ஆனால்? அதற்கு இந்த செட் உதவாது, டார்க்ஸ் பிட் வேண்டும். 4 மி.மீ. குழி போனால் டி25, 5 போனால் டி30. நட்சத்திர முனையைச் சுத்தியலால் குழிக்குள் அடித்து இறக்கித் திருப்பினால் விரிந்த சுவரில் புதுசாகப் பிடித்துக்கொள்ளும். எடுத்த போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட வேண்டும். "இன்னொரு தடவை ஓட்டலாமுங்க" என்று எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும் ஸ்டோர் கீப்பர்களை நான் பார்த்திருக்கிறேன்.

10 மி.மீ. கீ இந்த செட்டில் இருப்பதன் பயன் எனக்குப் பாதிதான். 8 இஞ்ச் ஹைட்ராலிக் சக்கில் ஜாவைப் பிடிக்கும் போல்ட் எம்12, அதற்கு 10 மி.மீ. கீதான். ஆனால் அந்தப் போல்ட்டுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இறுக்கம் கொடுக்க வேண்டும். எல் வடிவக் கீயைக் கையால் இழுத்து அதைச் சரியாகக் கொடுக்க முடியாது. ஒருவர் அதிகம் இறுக்குவார், ஒருவர் குறைவாக. சுழலும் சக்கில் இது விளையாட்டில்லை. அங்கே அரை இஞ்ச் டிரைவில் ஆலன் சாக்கெட் மாட்டி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்குகிறேன், கழற்றும்போது மட்டும் கீ. எம்16-க்கு 14 மி.மீ., எம்20-க்கு 17 என்று மேலே போகும் அளவுகள் இந்த செட்டில் இல்லை. அவற்றைத் தனித்தனியாக அன்பிராக்கோவில் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த அளவுகளில் ஸ்லீவும் நிறமும் தேவையே இல்லை. அமெரிக்காவில் பிறந்த அந்தப் பெயர் 2008 முதல் லூதியானாவின் தீபக் ஃபாஸனர்ஸ் கையில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் தனிக் கீயாகச் சுலபமாகக் கிடைப்பது அதுதான்.

இஞ்ச் அளவு வேறு செட். ஹாஸ் மாதிரி அமெரிக்க மெஷின் பார்க்கிறவர்களுக்கு அது கட்டாயம். 5/32 இஞ்ச் என்றால் 3.97 மி.மீ., 5/16 என்றால் 7.94. இந்த இரண்டும் 4-க்கும் 8-க்கும் மிக அருகில் இருப்பதால் அவசரத்துக்கு ஓடிவிடும். அந்தத் தைரியத்தில் 3/16-ஐ 5 மி.மீ. குழியில் விட்டால் 4.76 மி.மீ. முனை உள்ளே ஆடும், ஒரே திருப்பில் குழி வட்டமாகும். ஒரே பையில் இஞ்சும் மி.மீ.உம் கலந்து கிடந்தால் இது எப்போதாவது நடந்தே தீரும். மி.மீ. எல்லாம் நிறத்தில், இஞ்ச் எல்லாம் வெறும் கறுப்பில் என்று நான் வைத்திருப்பதால் கலப்பதில்லை.

தொலைந்தால் கிடைப்பதுதான் இந்த செட்டில் பெரிய தலைவலி. முதலில் தொலைவது எப்போதும் 4 அல்லது 5. "ஒரு நிமிஷம் குடுங்கண்ணா" என்று வாங்கிக்கொண்டு போகிறவர் திரும்பி வருவதில்லை. டபாரியா என்றால் டீ குடிக்கப் போகிற வழியில் இன்னொன்று வாங்கிவிடலாம். வேராவும் தனிக் கீ விற்கிறது. ஆனால் நான் கேட்ட கடைகளில் செட்டாக மட்டும்தான் இருந்தது, தனிக் கீயைச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இரவல் கொடுக்க டபாரியா செட் தனியாகப் பையின் வெளிப்பக்கத்திலேயே இருக்கிறது. கேட்கிறவருக்கும் வருத்தமில்லை, எனக்கும் தூக்கம் வருகிறது.

யார் வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அசெம்பிளி லைனில் ஒரே அளவு போல்ட்டை நாள் முழுக்க ஓட்டுபவருக்கு இது சரிவராது. டி-ஹாண்டில் கீயோ பவர் டூலில் மாட்டும் பிட்டோதான் வேண்டும். வீட்டில் சைக்கிள், கட்டில், குழாய் கைப்பிடி என்று எப்போதாவது கழற்றுபவருக்கு டபாரியாவே ஏராளம். அடுத்தவர் இறுக்கியதை, துருப்பிடித்ததை, எந்தக் கீயால் இறுக்கினார்கள் என்றே தெரியாததை அவிழ்க்கிற வேலை யாருக்கு இருக்கிறதோ, அவருக்கு இந்தக் காசு தகும். வாங்கும்போது டப்பாவிலேயே ஒவ்வொரு குட்டைக் கை முனையையும் வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். அப்புறம் 5 மி.மீ. கீ ஒன்றை அன்றைக்கே தனியாக ஆர்டர் கொடுத்துவிட்டு வாருங்கள்.